வினாடிக்கு ஆறு படம்

எங்கள் லோரோங் சந்தில் யாருடைய போனிலாவது இடம் தீர்ந்துபோனால் எதிர்வீட்டு அக்காவைத்தான் தேடிப் போவார்கள். வேறு யாரிடம் கேட்டாலும் "பழசையெல்லாம் அழிச்சிருங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அக்கா வாயில் அந்த வார்த்தை வராது. போனை வாங்கிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உள்ளே இருக்கும் வீடியோக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஏதோ ஒரு செயலியில் போட்டுச் சுருக்குவார். அரை மணி நேரத்தில் போன் திரும்பி வரும்.

"பாத்தியா, ஒன்னுகூட போகல. இடம் மட்டும் வந்திருச்சு" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். செத்த உயிரை எழுப்பிக் கொடுத்தவர்போல அப்படி ஒரு பெருமை.

காலை வணக்கம் சொல்லும் பூப்படங்களைக்கூட அவர் அழிக்கமாட்டார். கேண்டீனில் அவரோடு வேலை பார்த்தவர்கள் அனுப்பிய பத்து வருடத்துப் பூக்கள் அவர் போனில் வாடாமல் இருந்தன. நான் கிண்டல் செய்வேன். "அழிக்கிறதுக்கு ஒரு வெரல் போதும்மா. திரும்பக் கொண்டாந்து குடுக்கிறவன் எவன் இருக்கான்?" என்று கேட்பார். 

ஒரு முறை எனக்கும் அவருக்கும் சண்டையே வந்தது. என் அண்ணன் மகள் கல்யாணத்தை நான் போனில் எடுத்து வைத்திருந்தேன். போன் நிரம்பிவிட்டது என்று அக்காவிடம் கொடுத்தேன், புத்தி கெட்டுப்போய். திரும்பி வந்த வீடியோவில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முகம் கரைத்த மாவுபோல இருந்தது. தாலி எது, மாலை எது என்று தேட வேண்டியிருந்தது. கத்திவிட்டேன்.

"தாலி கட்டினது தெரியுது இல்ல? அது போதும். மத்தபடி தெரிஞ்ச மூஞ்சிதானே லா. ஒங்க அண்ணன் மக மூக்கு எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனாலும் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு பாத்திரத்தில் மீன்கறியோடு வந்து நின்றார், நானும் வாங்கிக்கொண்டேன். அந்த மீன்கறிக்கு எதிராகக் கோபத்தைப் பிடித்து வைத்திருக்கும் பெண் ஜொகூரில் இன்னும் பிறக்கவில்லை.

அவர் வீட்டு ஹாலில் அவருடைய கணவர் படம் பெரிதாக மாட்டியிருக்கும். லோரி ஓட்டியவர். மகன் தவழ்ந்துகொண்டிருந்தபோதே போய்விட்டார். படம் எடுத்துக்கொள்வது அவருக்குப் பிடிக்காதாம். இருந்தது ஐசி அடையாள அட்டையில் இருந்த படம் ஒன்றுதான். நகத்தளவு படத்தைக் கடையில் கொடுத்து, ஆள் உயரத்துக்குப் பாதியாகப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அவ்வளவு பெரிதாக்கியதில் எல்லாம் மங்கிப்போய், கண் இருந்தது, பார்வை இல்லை. "ஒன்னே ஒன்னுதான் இருந்திச்சு. நெறைய இருந்திருக்கணும்" என்று அந்தப் படத்துக்கு விளக்கு வைக்கும்போதெல்லாம் சொல்வார். படம் சின்னதாக இருந்ததுதான் கோளாறு என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. குறைவாக இருந்ததுதான் கோளாறு என்றே நினைத்தார். இந்த ஒரு நினைப்புதான் அவருடைய மொத்த வாழ்க்கையும் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் தாமான் குடியிருப்பு ஜொகூர் பாருவுக்கு வெளியே, பெரிய ரோட்டை ஒட்டி இருக்கிறது. ஒரு சமயம் வீட்டு வாசலில் இருந்த சமையல் கேஸ் தோங், செருப்பு, சைக்கிள் எல்லாம் காணாமல் போக ஆரம்பித்தன. மூன்று வீடுகள் சேர்ந்து கேமரா மாட்டுவது என்று முடிவானது. அக்கா வீடு, எதிரே என் வீடு, லோரோங் முனையில் சிகு வீடு. சிகு ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர், தோட்டத்தைத் தவிர வேறொன்றும் அறியாதவர். மாட்ட வந்த சீனர் வேலையை முடித்துவிட்டு, படம் பெரிய அளவில், வினாடிக்கு இருபத்தைந்து படம் பதிவாகும், ஒரு வாரம் நிற்கும், அதற்குமேல் பழையதை மெஷினே அழித்துக்கொண்டு புதியதை ஏற்றும் என்று மலாயில் விளக்கினார்.

"ஒரு வாரமா!" அக்காவை யாரோ வைதுவிட்டதுபோல இருந்தது. "அலமாக்! ஒரு வாரத்துக்கா இவ்ளோ பெரிய பொட்டி?"

உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதரைப் போகவிடவில்லை. படத்தின் அளவை இருப்பதிலேயே சின்னதாக்கச் சொன்னார். தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கச் சொன்னார். "ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படம் எதுக்கு? மனுசன் என்ன பறந்தா போறான்? ஆறு போதும்." எல்லாம் செய்து முடித்ததும் மூன்று மாதம் நிற்கும் என்று காட்டியது மெஷின். சீனர் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "காக், மூகா தா நம்பாக்" என்றார். முகம் தெரியாது என்று அர்த்தம். அக்கா சிரித்துக்கொண்டே அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவர் வேன் லோரோங்கைத் தாண்டுவதற்குள் அக்கா என் வீட்டு ஹாலில் இருந்தார். மௌஸை அவரே பிடித்து என் மெஷினையும் அதேபோல மாற்றினார். பிறகு சிகு வீடு. மலாயில் மணிக்கணக்காகப் பேசி அவரையும் வழிக்குக் கொண்டுவந்தார். எங்களுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தார். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

அவர் செய்தது சரி என்று நிரூபிக்க ஒரு சம்பவமும் வாய்த்தது. சிகு கோலாலம்பூரில் மகள் வீட்டில் ஒரு மாதத்துக்குமேல் தங்கிவிட்டு வந்து பார்த்தால், அவர் உயிராக வளர்த்த எலுமிச்சைத் தொட்டியைக் காணோம். அக்கா கேமராப் பதிவில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஓர் உருவம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. முகம் என்று ஒன்றும் இல்லை. "நடையப் பாருங்க சிகு. எடது காலக் கொஞ்சம் இழுக்கிறாரு இல்ல?" சிகுவின் சொந்தத் தம்பி. தண்ணீர் ஊற்ற ஆளில்லையே என்று தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார், சொல்ல மறந்துவிட்டார். அதற்கப்புறம் லோரோங்கில் அக்காவின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் போனது.

அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்தான். விடியும் முன்னரே மோட்டாரில் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். அம்மாவை எழுப்பமாட்டான். கேட்டைத் தாண்டியதும் திரும்பி, தன் வீட்டுக் கேமராவைப் பார்த்து ஒரு கையைத் தூக்குவான். அக்கா கேண்டீன் வேலையை விட்ட பிறகு, பத்து மணிக்குக் காப்பியோடு உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்ப்பார். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம், அதன்மேல் தலைக்கவசம் என்று நாம் நம்ப வேண்டிய ஓர் உருண்டை, பிறகு விட்டு விட்டு மேலே போகும் ஒரு கை. "கும்பிடு போட்டுட்டுப் போயிட்டான்" என்பார். அதுவரைக்கும் அவருக்கு அன்றைய நாள் ஆரம்பிக்காது.

மகன் சொல்லித்தான் பார்த்தான். நானே கேட்டிருக்கிறேன்.

"மா, இதத் தெளிவா வையுங்க. ஒரு வாரம் போதும். மூணு மாசத்துக்கு முந்தி நடந்தத யாரு ஒக்காந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

"சரி, ஒங்ககிட்ட பேச முடியுமா" என்று சிரித்துக்கொண்டே மோட்டாரைத் துடைக்கப் போய்விட்டான். நல்ல பையன். சிங்கப்பூரில் சம்பாதிக்கிறோம் என்ற மிதப்பு இல்லாதவன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், மழை விட்ட நேரம், வேலை முடிந்து வந்துகொண்டிருந்தான். பெரிய ரோட்டிலிருந்து எங்கள் லோரோங்குக்குத் திரும்பும் முனையில் ஒரு வெள்ளைக் காடி அவனை அடித்துவிட்டு நிற்காமல் போனது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடிய எனக்கு அந்தக் காரின் சுவடுகூடத் தெரியவில்லை. அவன் தண்ணீரில் கிடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு தமிழ் போலீஸ் சார்ஜன் வந்தார். பக்கத்தில் எங்கேயாவது கேமரா இருக்கிறதா என்று கேட்டார். அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த அக்கா எழுந்து உட்கார்ந்தார்.

"இருக்கு சார். மூணு வீட்டுலயும் இருக்கு. எல்லாம் இருக்கு, ஒன்னும் அழியல."

அந்தக் குரலில் இருந்தது அதே பழைய பெருமைதான். பிள்ளையைப் பறிகொடுத்தவரின் குரலுக்குள் அது எப்படி அப்படியே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

போட்டுப் பார்த்தோம். ஒரு படத்தில் முனை காலி, மகன் மட்டும் வருகிறான். அடுத்த படத்தில் ஓரத்தில் ஒரு வெள்ளை. அடுத்ததில் வெள்ளையும் அவனும் ஒன்றாக. அதற்கடுத்ததில் வெள்ளை பாதிதான் தெரிகிறது, அப்புறம் ரோடு மட்டும் இருக்கிறது. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை. ஓட்டியவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கறை.

"பெருசாக்குங்க சார்."

சார்ஜன் பெரிதாக்கினார். கறை பெரிதானது.

"இன்னும்."

அவர் இன்னும் ஒரு தடவை பெரிதாக்கிவிட்டு மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிறகு என் வீட்டுக்கு வந்தோம். அதே கறை, வேறு பக்கத்திலிருந்து. சிகு வீட்டுக் கேமராதான் முனைக்கு மிக அருகில் இருந்தது, கடைசி நம்பிக்கையாக அங்கே போனோம். அங்கேயும் அப்படித்தான். மூன்று மெஷினிலும் அந்த அளவை வைத்த கை ஒரே கை என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.  சிகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

காரியம் முடிந்ததும் அக்கா கடை கடையாக ஏறினார். ஜொகூர் பாருவில் அவர் ஏறாத கம்ப்யூட்டர் கடை இல்லை. துணைக்கு நானும் போனேன். கடைசியில் கேமரா மாட்டிய அதே சீனரிடம் வந்து நின்றோம். அவர் அன்று சொன்னதை ஞாபகப்படுத்தவில்லை, அந்த மட்டுக்கும் மனிதர். அக்காவுக்கு நாற்காலி போட்டார்.

அக்கா கேட்டது இதுதான்: "சுருக்கித்தானே வெச்சேன்? சேலைய மடிச்சு வெச்சா திரும்பப் பிரிக்கிறோம் இல்ல? அந்த மாதிரி பிரிச்சுக் குடுக்கச் சொல்லு."

நான் மலாயில் சொன்னேன். அவர், இது மடிப்பதில்லை என்றார். சின்ன அளவு வைத்தால், பதிவாகும்போதே மீதியை மெஷின் வெளியே விட்டுவிடுகிறது. அந்த நம்பர் பெட்டிக்குள் போகவே இல்லை, போகாததை எப்படி எடுப்பது என்றார். அதை அக்காவுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான வேலை அது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது, "அப்ப நான் எல்லார் போனுலயும் செஞ்சது?" என்று மட்டும் கேட்டார்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கோலாலம்பூரில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் அந்தக் கறைப் படத்தை, மங்கலான படத்தைத் தெளிவாக்கும் புதுச் செயலி ஒன்றில் போட்டு அனுப்பினார். கறை இருந்த இடத்தில் பளிச்சென்று ஒரு நம்பர். எழுத்துகள் அச்சுப்போல இருந்தன. அக்கா அந்தப் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என் வீட்டுக்குள் ஓடி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சார்ஜனிடம் கொடுத்தார். அவர் பார்க்கிறேன் என்று சொன்னதற்குக் காத்திருக்காமல், குடையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தாமானாக நடந்தார். அடுத்த தாமானிலேயே அந்த நம்பர் கிடைத்துவிட்டது. காடியும் வெள்ளை.

அந்த வீட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றார். திட்டவில்லை, கத்தவில்லை, சும்மா நின்றார். மறுநாளும் போய் நின்றார். அது ஒரு வயதான சீனர் வீடு. தனியாள். வெயிலில் ஒரு பெண் நிற்கிறாளே என்று அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வெளியே வைத்திருக்கிறார். அக்கா அதில் உட்காரவில்லை. சார்ஜன் விசாரித்ததில், அந்த வாரம் முழுக்க அந்தக் காடி வொர்க்‌ஷாப்பில் எஞ்சின் இல்லாமல் கிடந்திருக்கிறது. அக்காவைக் கூட்டிவர நான்தான் போனேன். கிழவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா கேட்கவில்லை. "அவர் இல்லன்னா படத்துல எதுக்கு அந்த நம்பர் வருது?" என்று என்னைத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அதே படத்தை அதே செயலியில் அவர் கண்முன்னாலேயே போட்டேன். வேறு நம்பர் வந்தது. மறுபடி போட்டேன். இன்னொரு நம்பர்.

"அப்ப இது சொல்றதெல்லாம் பொய்யா?"

"அதுக்கும் தெரியலக்கா. தெரியலன்னு சொல்லத் தெரியாம எதையோ ஒன்னு போட்டுக் குடுக்குது."

அக்கா எழுந்து போனார்.

சட்டம் போட்ட மகன் படம் இப்போது ஹாலில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கூட்டாளிகள் யாரோ எடுத்த நல்ல, தெளிவான படம். அக்கா அதற்கு விளக்கு வைப்பார், நிமிர்ந்து பார்க்கமாட்டார். அவர் பார்த்ததெல்லாம் அந்தச் சாம்பல் கட்டத்தைத்தான். பத்து மணிக்குக் காப்பியோடு உட்கார்ந்து, மூன்று மாதத்தின் ஆரம்பத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு கும்பிடு என்று பார்த்தார்.

ஒரு காலையில் செருப்பில்லாமல் ஓடி வந்தார். "நேத்துப் பாத்தது இன்னைக்கு இல்ல. காலையில போறவனக் காணோம்மா!"

போய்ப் பார்த்தேன். பெட்டி எப்போதோ நிறைந்துவிட்டது. காலி ரோட்டையும் நாயையும் மழையையும் பதிவு செய்வதற்காக, மெஷின் பழைய பக்கத்திலிருந்து ஒவ்வொரு நாளாக அவனை அழித்துக்கொண்டு வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய வயரைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அவர் அப்படி அழுததில்லை. நானும் அழுதேன், வேறென்ன செய்வது.

அதன் பிறகு அந்தக் கேமரா எதையும் பதிவு செய்யவில்லை. பார்க்கும்போது மட்டும் கேமரா வயரைக் கழற்றிவிட்டு பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கக் கற்றுக்கொண்டார். என் கேமராவிலும் அவன் இருந்தான், முதுகு மட்டும். கேமரா மாட்டிய சீனரைக் கூப்பிட்டு என் பெட்டிக்கு வேறு ஹார்ட் டிஸ்க் போட்டு, பழையதைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"புதுசுக்கு செட்டிங் நான் வெச்சுத் தர்றேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மௌஸைப் பிடித்தார். படத்தின் அளவை இருப்பதிலேயே பெரிதாக்கினார். தரத்தை, சீனர் முதலில் வைத்ததற்கும் மேலே, உச்சிக்கு ஏற்றினார். ஆறு என்று வைக்கும் பழக்கத்தில் அவர் விரல் கீழே போய், திரும்பி, இருபத்தைந்தில் வந்து நின்றது. மூன்று நாள்தான் நிற்கும் என்று காட்டியது மெஷின்.

"அக்கா, அதுக்கு முந்தினதெல்லாம் அழிஞ்சிரும்" என்றேன்.

"அழியட்டும்" என்றார்.

திரையில் எங்கள் லோரோங் முனை தெரிந்தது. அவ்வளவு தெளிவாக அதை நான் நேரில்கூடப் பார்த்ததில்லை. சிகு வீட்டு எலுமிச்சையில் காய் தெரிந்தது. ரோட்டில் தேங்கிய தண்ணீரில் வானம் தெரிந்தது. மாலை நேரம், வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் வேளை. ஒரு காடி முனையைத் தாண்டியது. அக்கா அதன் நம்பரை வாய்விட்டுப் படித்தார். அடுத்து ஒரு வேன், அதையும் படித்தார். பிறகு ஒரு வெள்ளைக் காடி. அதன் நம்பரைக் கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். இன்னொரு வெள்ளைக் காடி வந்தது. எங்கள் ஊரில் பாதிக் காடி வெள்ளைதான்.

சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் தங்கை வந்து அவரைக் கூட்டிப் போகும் வரைக்கும் அக்கா தினமும் வந்தார். என் ஹாலில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டு, போகிற வருகிற வண்டிகளின் நம்பரைச் சத்தமாகப் படித்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லா நம்பரும் தெரிந்தது.